ஓடைக்கு மேலே நாலு கன்றுகள்

கட்டுகஸ்தோட்டையில் என்னோடு எட்டாம் வகுப்பில் இருந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். அந்தச் சனிக்கிழமைகள் உங்களுக்கு நினைவிருக்கும். தையல் கடையில் மிஞ்சிய சிவப்புத் துணியைக் கீற்றுக் கீற்றாக வெட்டி இடுப்பில் சொருகிக்கொண்டு மகாவலிக் கரையில் வரிசையாக நடந்தோம். முன்னால் போகிறவள் வழுக்கினால் பின்னால் வரும் நாலு பேரும் சேர்ந்து வழுக்குவோம். பொல்கொல்லை அணையில் கதவை அடைத்தால் ஆறு கரை தட்டி நிற்கும். திறந்துவிட்டால் இரண்டு பக்கமும் சேறு வெளியே தெரிந்து, வெயில் ஏற ஏற மீன் வாடை கிளம்பும். கடைசிச் சனிக்கிழமை பாடசாலை மண்டபத்தில் நீங்கள் எனக்குக் கை தட்டினீர்கள். நெடுநேரம் தட்டினீர்கள். அதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். கொஞ்சம் சுற்றித்தான் வர வேண்டியிருக்கிறது.

நாம் தேடியது ஒரு செடியை. வீட்டு முற்றத்தில் காலடியில் கிடக்கும் தொட்டாச்சிணுங்கியின் அதே இலை, அதே இளஞ்சிவப்புப் பஞ்சுப் பூ. ஆனால் நம் தலைக்கு மேலே வளர்ந்து நிற்கும். தண்டு, கிளை எல்லாம் முள். சிங்களத்தில் யோத நிதிகும்பா என்றார்கள். நாம் பெரிய தொட்டாச்சிணுங்கி என்றோம். வெளிநாட்டுச் செடி. எப்படி வந்து இந்த ஆற்றில் ஒட்டிக்கொண்டது என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. காய்கள் கொத்தாகத் தொங்கும். மேலே பழுப்பு மயிர். முற்றினால் துண்டு துண்டாக உடைந்து தண்ணீரில் மிதந்து போகும். துண்டு ஒதுங்கிய இடத்தில் ஒரு புதர். அந்தப் புதருக்குக் கீழே நாணல் வராது, கறிக்குப் பிடுங்கும் கொஹிலாக் கிழங்கு வராது, நீர்க்கோழி கூடு கட்டாது. வேறு எதற்கும் இடம் விடாத செடி.

பேராதனைத் தாவரவியல் பூங்காவிலிருந்து அதை ஆய்வு செய்ய வந்த மிஸ்ஸை நாம் ஆய்வு மிஸ் என்றோம். யாழ்ப்பாணத்துக்காரி. தோளில் எப்போதும் ஒரு சாக்குப் பை. முதல் நாளே சொல்லிவிட்டார்.

"பிள்ளையள், கண்டால் பிடுங்காதேங்கோ. பக்கத்தில துணியக் கட்டுங்கோ, இடத்தக் கொப்பியில எழுதுங்கோ. பிடுங்கிறது எங்கட வேலை. எழுதுறதுதான் உங்கட வேலை."

மண்டபச் சுவரில் ஆற்றின் வரைபடம் ஒன்றை ஒட்டினார். ஒவ்வொரு சனிக்கிழமை பின்னேரமும் நம் கொப்பிகளை வாங்கி வாசித்து, கண்டுபிடித்த ஒவ்வொரு செடிக்கும் ஒரு சிவப்பு ஊசி குத்துவார். ஊசிக்குக் கீழே கண்டவளின் பெயர். இன்று ஆசிரியையாக இருந்துகொண்டு யோசிக்கும்போது அங்கேதான் பிழை வந்தது என்று தோன்றுகிறது. ஊசி கூடினால் ஆற்றுக்குக் கேடு. நமக்கோ ஊசி கூடினால் சந்தோஷம். செடி இருக்கக்கூடாது என்று பாடம் படித்துவிட்டு, செடி இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு ஆற்றுக்குப் போனோம்.

எனக்கு இரண்டு ஊசி. அக்காவுக்குப் பதினொன்று.

அக்கா என்றால் பெரியப்பாவின் மகள். என்னைவிட நாலே மாதம் மூத்தவள். நாலு மாதத்துக்காக ஒருத்தியை அக்கா என்று கூப்பிட வேண்டியிருக்கிறதே என்று எனக்குள் ஒரு எரிச்சல் சின்ன வயதிலிருந்தே இருந்தது. அப்பா இறந்த பிறகு அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டில்தான் இருந்தோம். பெரியப்பா மாநகரசபையில் கிளார்க். நல்ல மனிதர். தன் மகளுக்கு எடுத்த துணியிலேயே எனக்கும் எடுப்பார், எனக்கு முதலில் கொடுப்பார். பழம் வெட்டினால் பெரிய துண்டு எனக்கு. அப்பா இல்லாத பிள்ளை என்ற ஒரு சொல் அந்த வீட்டில் எனக்காக எல்லாக் கதவையும் திறந்தது. எனக்குக் கிடைக்காதது ஒன்றுதான். அக்காவின் கண்.

நாற்பது அடி தள்ளி மூங்கில் கூட்டத்துக்குள் நிற்கும் கன்றைக்கூட அவள் கண்டுவிடுவாள். நான் அதே இடத்தை அவளுக்கு முன்னால் கடந்து போயிருப்பேன். "அதோ" என்பாள். எனக்குப் பச்சை மட்டும்தான் தெரியும். அவள் கிட்டப் போய் விரலால் தொட்டு இலை சுருங்கிய பிறகுதான் எனக்குச் செடி தெரியும். பூட்ஸ் ஒரு சோடிதான் வீட்டில் இருந்தது. அதைக்கூட நான் கேட்டபோது பெரியப்பா எனக்குத்தான் கொடுத்தார். அவள் ரப்பர் செருப்போடு வந்து பதினொன்று கண்டாள். நான் பூட்ஸ் போட்டுக்கொண்டு இரண்டு கண்டேன். அந்த இரண்டில் ஒன்று அவள் கண்டு எனக்கு விட்டுக்கொடுத்தது. விட்டுக்கொடுத்ததற்காக அவளை இன்னும் கூடுதலாக வெறுத்தேன்.

இன்னொரு பழக்கமும் அவளிடம் இருந்தது. நாமெல்லாம் செடி கண்ட இடத்தை மட்டும் எழுதினோம். அவள் காணாத இடத்தையும் எழுதினாள். "மூங்கிலிலிருந்து தோணித்துறை வரை பார்த்தேன். இல்லை." பக்கம் பக்கமாக இல்லை, இல்லை. நாம் சிரித்தோம். "இல்லாதத எழுதி என்னாத்துக்குடி?" என்று உங்களில் ஒருத்திதான் கேட்டாள். மிஸ் மட்டும் அந்தக் கொப்பியை மூடாமல் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பங்குனி மாதம் மிஸ் ஒரு செய்தி சொன்னார். வேலை புத்தாண்டுக்கு முன் முடிகிறது. இதுவரை செடி இல்லாத புதிய இடத்தில் யாராவது அதைக் கண்டால், அந்தச் செடியைக் காயவைத்துத் தடித்த தாளில் ஒட்டிக் கீழே கண்டவளின் பெயரை டைப் செய்து பேராதனையில் இரும்பு அலுமாரியில் வைப்பார்கள். அவளைக் கூட்டிப்போய் அதைக் காட்டுவார்கள். அப்படி யாரும் காணாவிட்டால், அதிக ஊசி வாங்கியவளைக் கூட்டிப்போவார்கள்.

"அந்தத் தாள் நாங்கள் செத்தாப் பிறகும் இருக்கும், பிள்ளையள்," என்றார் மிஸ்.

நீங்கள் எல்லோரும் அக்காவைத் திரும்பிப் பார்த்தீர்கள். நானும் பார்த்தேன். அவள் வெட்கப்பட்டுச் செருப்பு நுனியால் தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு, துணி, பாய் எல்லாம் பாதிப் பாதியாக வந்த வாழ்க்கையில் இது ஒன்று பாதியாக வராது என்று புரிந்தது.

புதன்கிழமை பாடசாலை விட்டதும் பாலத்துக்குக் கீழே மணல் திட்டுக்குப் போனேன். அங்கே பெரிய புதர்கள் நின்றன. அடியில் விரல் உயரக் கன்றுகள் நிறைய. ஒரு பால்மா டின்னில் மண்ணோடு சேர்த்து நாலு கன்றுகளை அள்ளினேன். ஆற்றில் சேரும் ஓடையைப் பிடித்துக்கொண்டு மேலே நடந்தேன். ஓடையில் அதுவரை ஒரு ஊசிகூட இல்லை. அரை மைல் போனால் ஒரு சதுப்பு. அங்கேதான் நாம் கங்குன் நானா என்று கூப்பிட்ட முஸ்லிம் பெரியவர் கீரைப் பாத்தி போட்டிருந்தார். மடவளைக்காரர். அந்த நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். கங்குனும் பொன்னாங்காணியும் கட்டுக் கட்டாகக் கட்டி பஸ்ஸில் கொண்டுபோய் விற்பார். பாத்தி ஓரத்தில் ஒரு டிராக்டர் ஆற்று மணல் குவிந்து கிடந்தது. மகளின் கலியாணத்துக்கு முன் வீட்டில் ஒரு அறை கூட்டிக் கட்டுவதற்கு.

அவர் கீரைக்குள் குனிந்து நின்றார். நான் மணல் குவியலுக்கு மறுபக்கம் உட்கார்ந்து, நாலு கன்றையும் நட்டு, டின்னில் மிச்சம் இருந்த மண்ணையும் கொட்டி, ஓடைத் தண்ணீரை அள்ளி ஊற்றினேன். எழும்பியபோது அவர் பார்த்துவிட்டார்.

"எனத்தியன் மகள் தேடுற?"

"மீன் குஞ்சு."

"மீன் குஞ்சு கீழ தான் ஈக்கும். இங்க அட்டை தான். கால பாருங்கொ."

உண்மையாகவே காலில் ஒரு அட்டை. அவரே உப்புப் பொட்டலத்தை எடுத்து வந்து விழ வைத்தார். போகும்போது ஒரு கட்டுக் கங்குன் கையில் தந்தார். "உம்மாக்கு குடுங்கொ," என்றார். அம்மா அதைத் தேங்காய்ப்பூ போட்டு வறுத்தாள். அக்கா இரண்டாம் தரமும் போட்டுக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை பொறுத்தேன். அடுத்த சனிக்கிழமை மிஸ்ஸைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக ஓடைக்கு மேலே கூட்டிப்போனேன். பின்னால் நீங்கள் எல்லோரும் வந்தீர்கள். கன்றுகள் பிடித்துவிட்டிருந்தன. மிஸ் முழங்காலில் இருந்து பார்த்தார். சந்தோஷப்படவில்லை. முகம் விழுந்துவிட்டது. அதையும் நான் அப்போது கவனிக்கவில்லை.

"தண்ணி மேட்டுப் பக்கம் ஏறாதே," என்றார் மெல்ல. "அப்ப இது எப்பிடி இங்க வந்தது?"

கூட வந்திருந்த விவசாயத் திணைக்கள ஐயா மணல் குவியலைக் காட்டினார். ஆற்று மணலோடு விதை வரும், வேறு இடங்களிலும் இப்படி நடந்திருக்கிறது என்றார். அது உண்மைதான். நானே இப்போது வகுப்பில் அதைச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த இடத்தில் மட்டும் அது உண்மையில்லை.

மண்டபத்தில் ஊசி குத்தி, என் பெயர் எழுதி, நீங்கள் கை தட்டியபோது அக்கா எழும்பினாள். கையில் கொப்பி.

"மிஸ், ரெண்டு கிழமைக்கு முந்தி நான் அங்க போனேன். மணலுக்குப் பின்னாலயும் பாத்தேன். இல்லைன்னு எழுதியிருக்கேன்." பிறகு இன்னும் மெதுவாக, "நாலும் மொளகாக் கன்னு மாதிரி ஒரு சாண் ஒரு சாணா நிக்குது, மிஸ்."

அம்மா மிளகாய் நடும்போது ஒரு சாண் விட்டுத்தான் நடுவாள். எனக்கு வேறு விதமாக நடத் தெரியாது. என் கை என்னைக் கேட்காமலே அளந்து நட்டிருக்கிறது.

மண்டபத்தில் ஒரு சலசலப்பு. உங்களில் ஒருத்தி "பொறாம" என்றாள். யார் என்று இப்போது கேட்டு என்ன பயன்? மிஸ் அக்காவின் கொப்பியை வாங்கிப் பார்த்து, தன் புத்தகத்தில் ஏதோ எழுதிக்கொண்டார். பாடசாலை அதிபர் மைக்கைப் பிடித்து, தங்கச்சி ஜெயித்தால் அக்காமார் சந்தோஷப்பட வேண்டும் என்று ஒரு சின்ன உரை ஆற்றினார்.

செய்தி எங்களுக்கு முன்னால் வீடு போய்ச் சேர்ந்தது. பெரியப்பா அன்றுதான் அக்காவை முதல் முறையாக அடித்தார்.

"அப்பன் இல்லாத புள்ள மேல பொறாமப்படுறியா? வெக்கமா இல்ல?"

"பொறாம இல்லப்பா. அங்க இல்லாம இருந்திச்சு. நான் பாத்தேன்."

"இன்னும் வாய் பேசுறியா? இனி ஆத்துப் பக்கம் போனா கால ஒடிப்பேன்."

நான் அலுமாரிப் பக்கத்தில் நின்றேன். பெரியப்பா என் தலையைத் தடவி, "நீ அழாத," என்றார். நான் அழுதுகொண்டிருந்தது அவருக்கு வேறு காரணமாகத் தெரிந்தது. அன்று இரவு ஒரே பாயில் அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிவந்தேன். சொல்லியிருக்க மாட்டேன்.

பேராதனையில் என் தாளைக் காட்டினார்கள். தட்டையாகக் காய்ந்த கன்று, வேர், நாலைந்து இலை. கீழே இடம்: ஓடையின் மேல்பகுதி. சேகரித்தவர்: என் முழுப் பெயர், அப்பாவின் பெயரோடு. அறை பூராவும் கற்பூரம் போல ஒரு மருந்து வாடை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வதற்கில்லை. கூடவே அங்கேயும் ஒரு நினைப்பு வந்தது. அக்காவாக இருந்தால் இந்த இலையின் பெயர், அந்த வேரின் பெயர் என்று நூறு கேள்வி கேட்டிருப்பாள். எனக்குக் கேட்க ஒன்றும் வரவில்லை.

அந்தக் கிழமையே திணைக்களத்தார் நானாவின் பாத்தி ஓரம் முழுக்கக் களைக்கொல்லி அடித்தார்கள். காற்று எந்தப் பக்கம் வீசியதோ, கங்குன் எல்லாம் மஞ்சளாகிச் சரிந்தது. மணலையும் அள்ளிப்போகச் சொன்னார்கள். நான் ஒரு நாள் எட்டிப் பார்க்கப் போனேன். கருகிய பாத்தியின் வரம்பில் உட்கார்ந்திருந்தார்.

"என்ட மண்ணால வந்தீக்கிறாம், மகள். படிச்சவங்க சொல்றாங்க. நான் எனத்தியன் சொல்லுற?"

என்னிடம்தான் கேட்டார். நான் செருப்பைப் பார்த்தேன். குத்தகையை விட்டுவிட்டு மடவளையில் ஒரு கடையில் சாமான் கட்டிக்கொடுக்கும் வேலைக்குப் போனார் என்று பிறகு கேள்விப்பட்டேன். அந்த அறையைக் கட்டினாரா என்று எனக்குத் தெரியாது. அவர் இப்போது உயிரோடு இல்லை.

மிஸ் வேலை முடிந்து ஊருக்குப் போனார். ஓடைக்கு யாரும் திரும்பிப் போகவில்லை. நான் உயிரியல் படித்தேன், ஆசிரியையானேன். அக்கா வர்த்தகம் படித்தாள், கலியாணமாகிக் குண்டசாலைக்குப் போனாள், வீட்டில் தையல் தைக்கிறாள். நல்லது கெட்டதுக்குப் போய் வருவோம். பெரியப்பா சாகும்வரை அவளுக்குப் பொறாமைக் குணம் என்றே நம்பினார்.

இதெல்லாம் இப்படியே கிடந்திருக்கும். என் மகள் உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறாள். அவளுடைய பாடசாலையிலிருந்து பத்துப் பேர் மறுபடியும் அந்த ஆற்றில் அதே செடியைக் கணக்கெடுக்கிறார்கள். இப்போது துணி இல்லை, போனில் படம் எடுத்தால் புள்ளி விழுகிறது. போன மாதம் ஒரு நாள் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடி வந்தாள்.

"அம்மா, இது நீங்களா?"

போனில் என் தாள். பழுப்பேறிய கன்று. என் பெயர்.

"ஓடைக்கு மேல முதல் பதிவு உங்களோடதுதான். எங்க மேடம் அப்படியே அசந்துட்டாங்க. இப்ப அந்தச் சதுப்பு பூரா அதுதான்மா. ஒரு கொஹிலாகூட இல்ல. ஆத்துல பிடுங்கி எடுத்த இடம்கூட பரவாயில்ல, ஓடைதான் மோசம்." படத்தைத் தள்ளினாள். ஓடை நெடுகச் சிவப்புப் புள்ளிகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறி. "பரிசளிப்பு அன்னைக்கி உங்கள மேடையில பேசச் சொல்றாங்க. சரின்னு சொல்லிட்டேன்."

அன்று டின்னில் மிச்சம் இருந்த மண்ணைக் கொட்டினேன் என்று சொன்னேன் அல்லவா? அந்த மண்ணில் எத்தனை விதை கிடந்ததோ. இந்த விதை வருடக்கணக்கில் மண்ணுக்குள் சும்மா கிடந்து பிறகு முளைக்கும் என்று ஒவ்வொரு வருடமும் கரும்பலகையில் எழுதுகிறேன்.

மகள் இன்னொரு படத்தைக் காட்டினாள். ஆய்வு மிஸ்ஸின் பழைய புத்தகத்தில் ஒரு பக்கம். ஓரத்தில் பென்சிலால்: "மாணவி ஒருத்தி இரண்டு கிழமைக்கு முன் இங்கு இல்லை என்கிறாள். அவள் பார்வையை நம்பலாம். திரும்பப் பார்க்க வேண்டும்."

"இது யாரும்மா, இந்த மாணவி?"

அவள் பார்வையை நம்பலாம். இத்தனை வருடம் கழித்து, நாற்பது தாண்டிய பொம்பிளை, அந்த மூன்று சொல்லைப் பார்த்து எனக்கு வயிறு எரிந்தது. என்னைப் பற்றி மிஸ் அப்படி எங்கேயும் எழுதவில்லை. குற்றம் உறைப்பதற்கு முன்னால் எரிச்சல்தான் வந்தது. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. மகளைச் சாப்பாட்டு மேசையில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் போனில் குறிப்பெழுதும் பக்கத்தைத் திறந்தாள். பிறகு, "எத்தன கன்னு?" என்றாள்.

"நாலு."

"எந்த இடத்தில இருந்து எடுத்தீங்க?" அதையும் எழுதிக்கொண்டாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. "மேடைக்கு நான் என்னா சொல்ல?"

"நான் வரலன்னு சொல்லு."

"ஏன் வரலன்னு கேப்பாங்க." போனைக் கவிழ்த்து வைத்தாள். "பெரியம்மாகிட்ட சொன்னீங்களா?"

"இல்ல."

"அப்ப முதல்ல அங்க போங்க. நானும் வர்றேன்."

போன சனிக்கிழமை குண்டசாலைக்குப் போனோம். அக்கா ஒரு பாடசாலைச் சட்டைக்கு மடிப்பு அடித்துக்கொண்டிருந்தாள். நான் சொல்லச் சொல்ல இயந்திரம் மெதுவாகி நின்றது. திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். எனக்கு அன்றைக்கே தெரியும் என்று சொல்வாள் என்றும் எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள்.

"நான்தான் சரியா பாக்கலையோன்னு நெனச்சேன்," என்றாள். "எல்லாரும் சொன்னாங்க இல்ல? அன்னையில இருந்து எத பாத்தாலும் ரெண்டு தரம் பாப்பேன். கதவு பூட்டினேனா, அடுப்ப அணைச்சேனான்னு. எங்க வீட்டுக்காரரு சிரிப்பாரு." என் மகளைப் பார்த்தாள். "அப்ப அங்க இல்லதானே?"

"இல்ல, பெரியம்மா. நீங்க பாத்தது சரி."

அக்கா கொஞ்ச நேரம் தைத்த மடிப்பை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். என்னை அவள் ஒன்றும் கேட்கவில்லை. நானாவைப் பற்றி மட்டும் கேட்டாள். அவர் இல்லை என்றேன். "மகள் இருக்குமே," என்றாள். "தேடிப் போய்ச் சொல்லு." அடுத்த கிழமை மடவளைக்குப் போகிறேன்.

பேராதனை அலுமாரியில் இருக்கும் அந்தத் தாள்களில் பிழை இருந்தால் பழைய சீட்டைக் கிழிக்க மாட்டார்களாம். பக்கத்தில் இன்னொரு சீட்டு ஒட்டி, திருத்தியவர் பெயரும் திகதியும் எழுதுவார்களாம். மகள் வெற்றுச் சீட்டு ஒன்றை வாங்கி வந்திருந்தாள். அக்காவின் தையல் மேசையிலேயே எழுதினேன். "இந்தச் செடி இங்கே தானாக வந்ததல்ல. நான் கொண்டுவந்து நட்டது." கையெழுத்துப் போட்டேன். அது சுலபமாக வந்தது.

"இன்னொரு வரி இருக்கு, அம்மா," என்றாள் மகள். "இங்க இல்லைன்னு முதல்ல பதிஞ்சவங்க பேரு."

பேனாவை அக்காவிடம் கொடுத்தாள். என்னிடம் கேட்கவில்லை. அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, சீட்டைத் தன் பக்கம் திருப்பி, என் கையெழுத்துக்குக் கீழே தன் முழுப் பெயரை எழுதினாள். எழுதிவிட்டு ஒரே ஒரு தரம்தான் வாசித்துப் பார்த்தாள். என் மகள் அவள் தோளோடு ஒட்டிக் குனிந்து நின்றாள். என் பக்கத்தில் அவள் அப்படி நின்று ஒரு மாதமாகிறது.

அக்காவின் கையெழுத்து என்னுடையதைவிட அழகாக இருந்தது. அதை நான் கவனித்தேன் என்பதையும் உங்களுக்கு மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.